வரலாற்றுச் சாகசப் படத்துக்குக் கதை கட்டுவது எப்படி? ரங்கூனிலிருந்து ஒரு பேரேட்டை ஊர் சேர்த்துப் பார்ப்போம்

நான் எழுதிய முதல் திரைக்கதை மருது சகோதரர்களைப் பற்றியது. சிறுவயலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? 180 பக்கம். வசனம் பேசுகிறவர்கள் மட்டும் 40 பேர். சென்னையில் படம் எடுக்கிற ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல யாருக்குத் தம்பி என்ன வேணும்?" நாட்டு விடுதலை என்றேன். "அது எல்லாருக்கும்தான் வேணும். இந்த ஆளுக்கு, இந்த சீன்ல, என்ன வேணும்?" எனக்குப் பதில் வரவில்லை. காரைக்குடி பஸ்ஸில் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே ஒரு கதையையும் கட்டிப் பார்ப்போம்.

முதல் வேலை: முடிவு தெரிந்த வரலாறு, முடிவு தெரியாத ஆள்

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். இது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களையே நாயகர்களாக வைத்தால், பார்க்கிறவர் முதல் காட்சியிலேயே கடைசிக் காட்சிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். "தப்பிப்பாரா?" என்ற பதைப்பு இல்லாமல் சாகசப் படம் ஏது?

அதனால் பெரிய ஆட்களைத் தூரத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஆளைப் பிடியுங்கள். அதே 1801-ல் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, சிறுவயல் பக்கமிருந்து காளையார்கோவிலை நோக்கிக் காட்டை வெட்டி வழி போடப் பார்த்து, முடியாமல் கைவிட்டது. அந்தக் காட்டை வெட்டப் போன கூலி ஒருவன் உள்ளே இருக்கும் மருது ஆட்களுக்குத் தகவல் சொல்கிறான் என்று வையுங்கள். அவன் பிழைத்தானா இல்லையா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இடைவெளிதான் உங்கள் நிலம். (இந்தக் கதையை யாராவது எழுதுங்கள். நான் அந்தப் பக்கம் இனிப் போவதாக இல்லை.)

இன்றைய பயிற்சிக்கு வேறொரு காலத்தை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் கால்நடையாகவும் கிளம்பினார்கள். அரக்கான் மலை தாண்டி அக்கியாப் பக்கம் ஒரு வழி. மண்டலேயிலிருந்து சின்ட்வின் ஆற்றைப் பிடித்து, கலேவா, தமு வழியாக மணிப்பூருக்கு இன்னொரு வழி. வெள்ளைக்காரர்களுக்கு நல்ல வழி, நம்மவர்களுக்குக் கெட்ட வழி என்று அன்றைக்கே புகார் எழுந்தது. வழியில் காலரா, மே மாதத்தில் மழை. செட்டிநாட்டில் பழைய வீடு எதிலாவது உட்கார்ந்து "பர்மா" என்று சொல்லிப் பாருங்கள், யாராவது ஒருவர் பேச ஆரம்பிப்பார்.

தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவற்றை மாற்றாதீர்கள். வரலாற்றுப் படத்தில் தேதிதான் கடிகாரம். மார்ச் 8 வருகிறது என்று நமக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. பாதிப் பதைப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது: கையில் ஒரு பொருள்

சாகசப் படத்தில் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். புதிதாக எழுத வருகிறவர்கள் உடனே வைரம், புதையல் என்று போவார்கள். நானும் போனேன். வைரத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது யார் கையில் இருந்தாலும் விலை ஒன்றுதான், அதனால் கதை திருடன்–போலீஸ் ஆட்டமாகச் சுருங்கிவிடும். ஆளுக்கு ஒரு மதிப்பு உள்ள பொருளாகத் தேடுங்கள்.

நம் கதையில் அது ஒரு பேரேடு. ரங்கூன் முகல் தெருவில் ஒரு வட்டிக்கடை. அதன் கணக்கெல்லாம் அந்தப் பேரேட்டில். நிலத்தின் மேல் கொடுத்த கடன், புரோநோட்டு, ஊரிலிருக்கும் பெண்கள் கடையில் போட்டுவைத்த ஆச்சிமார் பணம், எல்லாம். அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, விலாசம் எழுதிய தகரப் பெட்டியில் வைத்து ஊர் சேர்க்க வேண்டும். பேரேட்டை யாரும் சந்தையில் விற்க முடியாது. ஆனால் அதில் பேர் உள்ளவருக்கு அது உயிர்.

மூன்றாவது: பாத்திரங்களைக் கடையிலேயே எடுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். நாயகன், வில்லன், காமெடியன் என்று வெளியிலிருந்து அச்சுக் கொண்டுவராதீர்கள். அந்தக் காலத்து வேலைப் படிக்கட்டுக்குள்ளேயே பாத்திரங்கள் இருப்பார்கள். செட்டியார் கடையில் மேலாள் நிர்வாகம் பார்ப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பணப்பெட்டிப் பக்கம் எடுபிடி வேலை பார்க்கிற பெட்டியடிப் பையன், பின்னால் சமையல்காரர். மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்தால் ஊருக்கு வந்து போவார். இந்தப் படிக்கட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், யார் யார் முன்னால் உட்கார மாட்டார்கள் என்று தெரிந்தாலே பாதி வசனம் வந்துவிடும்.

பெட்டியடிப் பையன்தான் நம் நாயகன். சாத்தப்பன், வயசு 14. படிக்கட்டின் கடைசியில் இருப்பவனைத்தான் நாயகனாக வைக்க வேண்டும், அவனுக்குத்தான் ஏறுவதற்கு இடம் இருக்கிறது. அவனிடம் ஒரே ஒரு திறமை: மனக்கணக்கு. மாகாணி, காணி, முந்திரி என்று கீழ்வாய் இலக்கம் (பழைய பின்னக் கணக்கு) வரை தலைக்குள்ளேயே கூட்டுவான். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. பன்னிரண்டு கலை தெரிந்த நாயகனை எழுதுவது சுலபம், பார்ப்பதுதான் கஷ்டம்.

மேலாள், ஆசான். இவர் பாதிப் படத்தில் போய்விட வேண்டும். வழி சொல்ல ஆள் இருக்கும் வரைக்கும் பையன் தானாக எதையும் முடிவெடுக்க மாட்டான். கொடுமையாகத் தெரிந்தாலும் இதில் தயங்காதீர்கள்.

அடுத்தாள், எதிரி. ஜப்பான் விமானத்தை எதிரியாக வைக்காதீர்கள். அது மழை மாதிரி, யாரையும் தெரிந்து அடிப்பதில்லை. எதிரி என்றால் நாயகன் வைத்திருக்கும் அதே பொருள் அவனுக்கும் வேண்டும், அதற்கு அவனிடம் ஒரு நியாயமும் வேண்டும். அடுத்தாளுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கி பேரேட்டில் குறைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஊரில் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சி. பேரேடு கைக்கு வந்தால் ஒரு பக்கத்தைக் கிழித்து, வேறு எழுதிச் சேர்த்துவிடலாம். படத்தில் ஓர் இடத்திலாவது பார்க்கிறவர், "அவன் சொல்றதும் சரிதானே" என்று முணுமுணுக்க வேண்டும். அப்படி ஒரு காட்சி இல்லையென்றால் எதிரி இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

மேலாளின் மகள். அவருக்கு ரங்கூனிலும் ஒரு குடும்பம் உண்டு, பர்மாக்காரத் தாய்க்குப் பிறந்த பெண். தாயின் பேரில் மேலாள் போட்டுவைத்த தொகை ஒரு வரியாக அதே பேரேட்டில் இருக்கிறது. தாய் குண்டுவீச்சில் போய்விட்டாள். மகளுக்கு அந்த வரி பணம் மட்டும் இல்லை. அப்பா தங்களைக் கணக்கில் வைத்திருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. வழியில் பாஷை தெரிந்தவளும் அவள்தான். தயவுசெய்து இவளைக் காதலி ஆக்காதீர்கள். காடு மலை தாண்டுகிற நடுவில் டூயட் வந்தால் காலராவுக்கு மரியாதை இருக்காது.

சமையல்காரருக்கு நகைச்சுவை. ஆனால் அவருக்கும் வேலை கொடுங்கள். அவர் பையில் இருக்கும் அரிசி குறைந்துகொண்டே வரட்டும். "இன்னும் பத்து நாள்தான்" என்று வசனத்தில் சொல்வதைவிட, பானையைச் சாய்த்துச் சுரண்டுகிற சத்தம் போதும்.

காரைக்குடி வீட்டில் ஆச்சி. மேலாளின் மனைவி. படத்தில் மொத்தம் மூன்றே காட்சி. மூன்றிலும் முகப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். இவரை விட்டுவிட்டால் ஓடுகிறவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்பதே தெரியாது.

என்னைத் திருப்பி அனுப்பியவர் கேட்டாரே, யாருக்கு என்ன வேண்டும் என்று? இப்போது பதில் இருக்கிறது. ஒரே பேரேடு; பையன், அடுத்தாள், மேலாளின் மகள் என்று மூன்று பேர்; மூன்று நியாயம்.

நான்காவது: உழவுக் கணக்கில் கதை

திரைக்கதை வகுப்புகளில் மூன்று அங்கம் என்று சொல்லித் தருவார்கள். அதில் தப்பில்லை. எனக்குக் கைகொடுத்தது அடியார்க்கு நல்லார். சிலப்பதிகாரத்துக்கு எழுதிய உரையில் நாடகத்தின் ஐந்து சந்தியை, அதாவது கதை வளர்கிற ஐந்து கட்டத்தை, நெல் விளைகிற மாதிரி விளக்குகிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். கண்மாயை நம்பிப் பிழைக்கிற எங்கள் வறண்ட சீமைக்காரனுக்கு இது சட்டென்று புரிந்தது.

முகம்: உழுத நிலத்தில் போட்ட வித்து முளைப்பது. முதல் 20 நிமிடம். கடை, பெட்டியடி, பையனின் மனக்கணக்கு. பந்தயம் கட்டி ஒரு பக்கம் முழுவதையும் பேரேட்டைப் பார்க்காமல் ஒப்பிக்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். இதுதான் வித்து. பார்க்கிறவர் இதை வேடிக்கை என்று நினைத்து மறந்துவிட வேண்டும். முடிவில் குண்டு விழுகிறது.

பிரதிமுகம்: இலை விட்டு நாற்றாவது. கப்பல் டிக்கெட்டுக்கு அலைகிறார்கள். கப்பல் இவர்களை விட்டுவிட்டுப் போகிறது. பெட்டியோடு வடக்கே நடை. திரும்பிப் போக வழி அடைபட வேண்டும், அதுதான் இந்தப் பகுதியின் ஒரே வேலை.

கருப்பம்: கதிர் உள்ளே பொதிந்து நிற்பது. படத்தில் நீளமான பகுதி இதுதான், புதியவர்கள் தூங்கிவிடுவதும் இதில்தான். காட்சிகளை "அப்புறம், அப்புறம்" என்று சேர்க்காதீர்கள். "ஆனால்", "அதனால்" என்று சேர்க்க முடிகிறதா பாருங்கள். அரிசி குறைகிறது, அதனால் கூட்டத்தோடு முகாமில் தங்குகிறார்கள். ஆனால் அங்கே காலரா. அதனால் மேலாள் படுக்கிறார். சாகும்போது பேரேட்டை அடுத்தாளிடம் கொடுக்காமல் பையனிடம் கொடுக்கிறார். அடுத்தாளின் முகத்தில் கேமரா. இடைவேளை.

நம் படங்களுக்கு இடைவேளை ஒரு தூண். வெளிநாட்டுப் பாடப் புத்தகத்தில் இதற்கு இடம் இருக்காது. முறுக்கு வாங்கப் போகிறவர் "இப்ப அடுத்தாள் என்ன பண்ணுவான்?" என்று கேட்டுக்கொண்டே போனால் நீங்கள் பிழைத்தீர்கள்.

இடைவேளைக்குப் பிறகு கருப்பம் முற்றுகிறது. சின்ட்வின் ஆறு, தோணி, பெட்டிக்காக இழுபறி. பேரேடு தண்ணீரில் போகிறது. அடுத்தாளையும் ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. மூன்று பேருக்கும் வேண்டியது மூன்று பேருக்கும் இல்லை என்றாகிவிட்டது. பெரிய சண்டை இங்கேதான். கிளைமாக்ஸ் இங்கே இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நான் முதல் ஸ்கிரிப்டில் விழுந்தேன்.

விளைவு: கதிர் முற்றித் தலை சாய்வது. பையனும் அந்தப் பெண்ணும் மணிப்பூர் வந்து, ரயில் பிடித்துக் காரைக்குடி சேருகிறார்கள். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) அவர்களுக்கு முன்னாலேயே அடுத்தாள் உட்கார்ந்திருக்கிறான். பிழைத்து வந்து, தன் வாய்க்கணக்கை ஆச்சியிடம் சொல்லி முடித்துவிட்டான். பேரேடு இல்லாத இடத்தில் எது கணக்கு? பையன் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பிக்கிறான். முந்திரி பிசகவில்லை. அடுத்தாளுக்குக் குறைத்து எழுதிய பாக்கியையும் மறைக்காமல் சொல்கிறான். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் அவனுக்கு ஞாபகம் வரும். அந்த பர்மாக்காரியின் வரி வரப்போகிறது. தாண்டினால் கணக்கு உடையும். சொன்னால் ஆச்சி உடைவார். பர்மாக்காரியின் மகள் தூணோரம் நிற்கிறாள். முகத்தில் போட்ட வித்து இங்கே கதிராக நிற்கிறது, அதுவும் முள்ளோடு.

சொல்கிறான்.

துய்த்தல்: அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது. உரைகாரர் சொன்ன "உண்டு" என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ரெண்டு எலையாப் போடு" என்கிறார். அவ்வளவுதான். 1948-ல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் கொண்டுவந்தது, அந்தக் கணக்கில் நிலத்தின் பேரில் இருந்ததெல்லாம் காகிதமாகப் போயிருக்கும். இதை எழுத்தாகத் திரையில் போடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். போடவில்லை. பர்மாக் கதை தெரிந்தவர்களுக்கு அந்த இலையைப் பார்க்கும்போதே தெரியும்.

ஐந்தாவது: தகவலுக்குப் பஞ்சமில்லை

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் பழைய இதழ்களும் இப்போது சென்னையில் அவர் பேரிலேயே நூலகமாக இருக்கின்றன. அதற்கு முன்னால் உங்கள் வீட்டு மச்சில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறங்கள். இடம் பார்க்கக் கானாடுகாத்தான் தெருக்களில் ஒரு நடை நடங்கள். பர்மாத் தேக்குத் தூணுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றால் வளவிலிருந்து எவ்வளவு தெரியும் என்பதை வீட்டில் நின்று பார்த்துத்தான் எழுத முடியும். 1940-களில் ஏவி.எம். ஸ்டூடியோவே காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, நம் ஊருக்கு சினிமா ஒன்றும் புதுசில்லை.

கடைசி வேலை: வாயால் சொல்லிப் பார்ப்பது

எழுத உட்காருவதற்கு முன் கதையை யாரிடமாவது முழுசாகச் சொல்லுங்கள். சினிமாக்காரர்களிடம் வேண்டாம். நான் எங்கள் அப்பத்தாவிடம் சொன்னேன், அவர் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். கை எங்கே நிற்கிறது, எங்கே மறுபடி ஓடுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். முகாம் காட்சிகளில் கை நிற்கவே இல்லை, நாலு காட்சியை வெட்டினேன். தோணியில் நின்றது. அந்த வரி வந்தபோது கையிலிருந்த புளியை முறத்தில் போட்டுவிட்டு, "சொல்லிப்புட்டானா?" என்றார்.