ஹெட் சீவியபின் மந்தமான என்ஜினும் கேம் கியரும்

அடிப்பரப்பை இருமுறை சீவி, மொத்தம் 1.5 மி.மீ. உயரம் குறைந்த சிலிண்டர் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) பூட்டியபின், என் என்ஜின் மேல்வேகத்தில் நன்றாக ஓடினாலும் கீழ்வேகத்தில் மந்தமாகவே இழுத்தது. இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), எரிபொருள் அழுத்தம், கம்ப்ரஷன் என்று ஒவ்வொன்றாகச் சோதித்ததில் நாள்கள் கழிந்தனவே தவிர, குறை அகப்படவில்லை.

டைமிங் குறிகளைக் கூர்ந்து பார்த்தபோதுதான், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமின் குறி மயிரிழை பின்தங்கியிருப்பது தெரிந்தது. ஹெட் தாழ்ந்ததால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்கும், அது பெல்ட்டால் சுழற்றும் கேமுக்கும் இடைத்தூரம் குறைந்து, மிஞ்சிய பெல்ட்டை டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கும் உருளை) தளர்ந்த பக்கம் இழுத்துக்கொள்ள, கேம் பின்வாங்கியிருந்தது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடியதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு கீழ்வேகத்தில் திரும்பிப் போனது. பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டால், கேமின் 40 பல் கியரில் அது 9 டிகிரி; கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரண்டு சுற்றுவதால், கிராங்கில் 18 டிகிரி ஆகிவிடும். எனக்குத் தேவைப்பட்டதோ ஏறத்தாழ 3 டிகிரி.

பல்வளையமும் நடுப்பகுதியும் தனித்தனியாக நகரும் அட்ஜஸ்டபிள் கேம் கியரைப் பொருத்தி, கோணம் காட்டும் டிகிரி வீலும் வால்வின் நகர்வை அளக்கும் டயல் கேஜும் கொண்டு கேமை அதன் உரிய அளவுக்கு முன்நகர்த்தி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி வால்வு பிஸ்டனில் இடிக்கவில்லை என்று உறுதி செய்தேன். இழுவை திரும்பியது, ஆனால் சுமை ஏறியதும் தட்டும் ஒலி கேட்டது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் முனையிலிருந்தே சுழல்வதால், இக்னிஷனும் கூடவே 3 டிகிரி முன்னேறியிருந்தது. பலரும் கவனிக்காத இடம் இது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பியதும் ஒலி நின்றது. எனக்கும் நிம்மதி வந்தது.