சிவப்புக் கல் நகையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு சின்ன நகைக்கடை. பின்பக்கம் இருந்து வேலை செய்யும் பத்தர் ஐயா, நான் கொடுத்த தோட்டை வாங்கி, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆற்றை இது, பிள்ளை?”

“அம்மம்மான்ரை, ஐயா. நாற்பத்தெட்டாம் ஆண்டு கலியாணத்துக்குச் செய்தது.”

“பவுண் நல்ல பவுண். கல்லுத்தான் செய்த கல்லு.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதற்குப் பெயர் ‘பர்மாக் கெம்பு’, அதாவது பர்மாவில் விளைந்த மாணிக்கம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு லென்ஸை என் கையில் தந்தார். “உள்ளுக்கை கோடு வளைஞ்சு ஓடுது, பாருங்கோ. இசைத்தட்டிலை இருக்கிற மாதிரி. மண்ணுக்கை விளைஞ்ச கல்லிலை கோடு இப்பிடி வளையாது.” பார்த்தேன். மெல்லிய வில் வளைவுகள், அவற்றுக்கிடையே ஊசிமுனை அளவில் இரண்டு காற்றுக் குமிழ்கள்.

ஊருக்கு வெளிக்கிடும்போது பெட்டிக்குள் சிவப்புக் கல் நகை வைத்திருப்பவர்களும், அங்கே போய் வாங்க நினைப்பவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நகை பழையது என்பதால் கல் இயற்கையானது என்று ஆகிவிடாது. வெர்நொய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். அலுமினியம் ஒட்சைட்டுத் தூளில் கொஞ்சம் குரோமியம் கலந்து, கொதிக்கும் சுவாலைக்குள் தூவினால், கீழே அது உருகி உருகிப் படிந்து ஒரு குற்றியாக வளரும். அந்தப் படிவுதான் வளைந்த கோடாகத் தெரிவது. பிறகு தொழிற்சாலைகள் இதைக் குவித்துத் தள்ளின. அப்பப்பாவின் கைமணிக்கூட்டு முகத்தில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்குமே, அந்த 17ம் இதே செய்த மாணிக்கங்கள்தான். ஐரோப்பாவில் 1920களிலும் 30களிலும் செய்த விலையுயர்ந்த நகைகளிலேயே இவை இருக்கின்றன. லண்டனில் ‘விண்டேஜ்’ என்று விற்கும் மோதிரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

செய்த கல் என்றால் கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். வேதியியலில் அதுவும் மாணிக்கமே. மோஸ் அளவில் கடினம் 9, வைரத்துக்கு அடுத்த படி. அதனால்தான் அம்மம்மா ஐம்பது வருடம் கழற்றாமல் போட்ட தோட்டில் ஒரு கீறல்கூட இல்லை. விலைதான் வேறு.

பழைய நகையைத் திருத்தக் கொடுக்கும்போது

எங்கள் பழைய அட்டியல், பதக்கம், தோடு இவற்றில் பெரும்பாலும் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் பளபளப்பான ஒரு மெல்லிய தகடு, அதற்கும் கீழே அரக்கு. நீங்கள் பார்க்கும் அந்த ஆழமான சிவப்பில் பாதி அந்தத் தகட்டின் வேலை. விளக்குத் திரிக்குப் பின்னால் கண்ணாடி வைத்ததுபோல, உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது. மின்சாரம் வராத காலத்துக் கல்யாண வீட்டில், எண்ணெய் விளக்கில் இந்த நகை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால் இரண்டு ஆபத்து. ஒன்று தண்ணீர். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்ப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். பின்பக்கம் மூடிய நகையில் தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் இருண்டுவிடும். ஈரமில்லாத மென்மையான துணி போதும். அதிர்வில் சுத்தம் செய்யும் மிசின் பக்கமே போகாதீர்கள். இரண்டாவது, கல்லைக் கழற்றுவது. “அட்டியலை உடைச்சு மகளுக்கு மோதிரமும் பென்டனும் செய்வம்” என்று பலர் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். கழற்றி எடுத்த கல்லை வெறும் கையில் வைத்துப் பார்த்தால் வெளிறிப்போன ரோசா நிறமாக இருக்கும். கல்லை மாற்றிவிட்டார்கள் என்று பத்தரோடு சண்டை. சிலவேளை உண்மையாகவே மாற்றியிருப்பார்கள், பலவேளை தகடு போனதுதான் காரணம். எது என்று பிறகு நிரூபிக்க முடியாது.

ஆகவே கொடுக்குமுன் பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் நெருக்கமாகப் படம் எடுங்கள். கற்களை எண்ணுங்கள். கடைத் தராசிலேயே நிறுத்து, எடையைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இயலுமானால் அதே இருக்கையில் முடிகிற வேலையை மட்டும் கொடுங்கள். பத்தரைச் சந்தேகிக்கிறோம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல பத்தர் அவரே நிறுத்துக் காட்டுவார்.

என் கருத்தைக் கேட்டால், உருக்கி மாற்றாமல் வைத்திருங்கள் என்பேன். இன்று வரும் மெல்லிய 18 கேரட் நகைகள், கல்லை நான்கு கொக்கியில் தூக்கிப் பிடித்து எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடுவன, அவற்றின் அழகு வேறு. அதற்குத் தெளிவான, பட்டை தீட்டிய புதுக் கல் வேண்டும். பழைய உருண்டைக் கல்லை அதற்குள் திணித்தால் இரண்டும் கெடும்.

கொழும்பில் வாங்குவதானால்

ஒரு முறை கொழும்பில் நல்ல சிவப்பாக ஒரு மோதிரம் வாங்கினேன். விலை மலிவாக இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும். ரொறன்ரோ திரும்பி விரலுக்கு அளவு கூட்டக் கொடுத்தேன். நெருப்புப் பட்டதும் கல் முழுக்க வெள்ளை நரம்புகள் ஓடிவிட்டன. வெடிப்பு நிறைந்த, வெட்டுக்கே உதவாத மாணிக்கத்தை எடுத்து, வெடிப்புகளை ஈயக் கண்ணாடியால் நிரப்பி விற்பது கடந்த இருபது ஆண்டுகளாக நடக்கிறது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும். சூடு பட்டால் போச்சு, நகை கழுவும் அமிலம் பட்டால் போச்சு, தேசிக்காய்ப் புளிகூட மெல்ல அரித்துவிடும். லென்ஸில் பார்த்துக்கொண்டே கல்லை மெதுவாகச் சாய்த்தால், உள்ளே நீலமாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு மின்னல் வெட்டும், குமிழ்களும் தெரியும்.

இலங்கை நீலக்கல்லுக்குத்தான் பெரும் பெயர் எடுத்த நாடு. இரத்தினபுரியில் நல்ல சிவப்பு மாணிக்கம் அரிது. அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி இளஞ்சிவப்பு. அதை மாணிக்கம் என்பதா, ‘பிங்க் சபையர்’ எனப்படும் இளஞ்சிவப்பு நீலக்கல் என்பதா என்பதிலேயே விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் வழக்கு. ஆனால் வெளிச்சத்தில் நட்சத்திரம்போல் ஒளிக்கோடுகள் தெரியும் நட்சத்திர மாணிக்கத்தில் இலங்கை சளைத்ததில்லை. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 138.7 கேரட் ரோசர் ரீவ்ஸ் நட்சத்திர மாணிக்கம் இலங்கைக் கல்தான்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. பழந்தமிழில் பதுமராகம் என்றால் மாணிக்கம். இன்றைய உலகச் சந்தையில் அதே சொல்லிலிருந்து வந்த ‘பத்பரட்ஷா’ என்பது தாமரை நிறமான, செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு நீலக்கல். கடைக்காரர் ஒன்றைச் சொல்ல நீங்கள் மற்றதை விளங்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிமக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘கொரண்டம்’ என்ற பெயரே எங்கள் ‘குருந்தம்’ என்ற சொல்லில் இருந்து போனதுதான்.

ஓட்டோக்காரர் “எனக்குத் தெரிஞ்ச கடை, அரசாங்க விலை” என்று கூட்டிப்போனால், அவருடைய தரகும் உங்கள் கணக்கில்தான் விழும். கடைக்குள் ஊதா ஒளி டோர்ச் அடித்து, “பாருங்கோ, நெருப்பு மாதிரி எரியுது, அசல்” என்பார்கள். பர்மாக் கல்லும் இலங்கைக் கல்லும் அந்த ஒளியில் சிவப்பாக ஒளிரும் என்பது உண்மை. ஆனால் செய்த மாணிக்கம் அதைவிட நன்றாக எரியும். ஸ்பினல் என்ற வேறு சிவப்புக் கல்லும் எரியும். பிரித்தானிய முடியில் பதித்த ‘கறுப்பு இளவரசர் மாணிக்கம்’ உண்மையில் ஒரு ஸ்பினல். அரசர்களே ஏமாந்த இடத்தில் நாங்கள் டோர்ச்சை நம்பி என்ன செய்ய.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இயற்கைக் கல்லா? நிறத்தையும் தெளிவையும் கூட்டச் சூடு காட்டியதா? வெடிப்பு நிரப்பியதா? ‘இயற்கை’ என்ற சொல் முதலாவதற்கு மட்டும்தான் பதில். சூடு காட்டுவது களவு இல்லை, சந்தையில் உள்ள பெரும்பாலான மாணிக்கங்கள் சூடு கண்டவைதான். ஆனால் சூடு காணாத கல்லின் விலையைச் சூடு கண்ட கல்லுக்குக் கொடுக்கக்கூடாது. மூன்றுக்கும் பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் பரிசோதனைக் கூடம் கொழும்பில் இருக்கிறது. காசு கொடுக்குமுன் அங்கே கல்லைக் காட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரரின் முகமே பாதிப் பரிசோதனை. கல்லைத் தனியாக வாங்கினால் வெளியே கொண்டுபோகும் விதியையும் அதே இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

‘பர்மா’ என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை விலை? 2015இல் ஜெனீவாவில் 25.59 கேரட் பர்மாக் கல் ஒன்று மூன்று கோடி டொலருக்கு மேல் போனது. 2023இல் நியூயார்க்கில் 55.22 கேரட் மொசாம்பிக் கல் சுமார் 3.48 கோடி டொலர். கேரட் கணக்கில் பிரித்துப் பாருங்கள், பர்மாக் கல்லுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த நாட்டுக் கல் என்பதைக் கூடத்து நிபுணர்களே உள்ளிருக்கும் ஊசிகளையும் மாசுகளையும் ஆராய்ந்துதான் சொல்வார்கள். கடை மேசையில் இருந்து ஒருவர் சட்டென்று ‘பர்மா’ என்றால் புன்னகைத்துவிட்டு விலையைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் போனால்

மகளின் அரங்கேற்றத்துக்கு நகை வாங்கப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஒட்டியாணம் என்று முழு செட் மயிலாப்பூரிலேயே கிடைக்கும். அதன் ஊற்று நாகர்கோவில் வடசேரி. புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. வெள்ளித் தகட்டில் கூடு செய்து, அரக்கு நிரப்பி, கல் வைத்து, தங்கத் தாள் ஒற்றுவார்கள். அதில் உள்ள சிவப்புக் கல்லைக் ‘கெம்பு’ என்பார்கள். கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு. இன்று அது பெரும்பாலும் செய்த கல்தான், யாரும் ஒளிப்பதும் இல்லை. இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது கல்லை அல்ல, கூட்டை. வெள்ளியா, செம்பில் முலாமா என்று கேளுங்கள். எடையில், விலையில், பதினைந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதில் எல்லாம் அதுதான் வித்தியாசம்.

தங்க நகை என்றால் ஹால்மார்க்கோடு, எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் ஆறு இடமுள்ள ஹெச்யுஐடி குறி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாள எண், இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்க்கலாம். குந்தன் போன்ற கல் பதித்த நகைகளுக்கு இதில் விலக்கு இருக்கிறது, ஆகவே அங்கேதான் கூடுதல் கவனம் தேவை. கல்லும் அரக்கும் தங்க விலைக்கு நிறுக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு கேரட் கல் 0.2 கிராம், ஐந்து கேரட் என்றால் ஒரு கிராம் தங்கத்தின் காசு. மொத்த எடை, கல் கழித்த எடை இரண்டும் தனித்தனியாகப் பில்லில் வேண்டும். விற்கும்போது மறக்காமல் கழிப்பார்கள், வாங்கும்போது நாங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

எல்லையில்

கனடாவில் இருந்து நகை கொண்டுபோனால், வெளிக்கிட முன்னரே படமும் மதிப்பீட்டுக் கடிதமும் எடுத்துவையுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது அம்மம்மாவின் தோட்டை ஊரில் வாங்கியதில்லை என்று நிரூபிக்க முடியாது. 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தால் 800 டொலர் வரை வரி இல்லை, அதற்கு மேல் வாங்கியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவுக்குள் போகும்போது கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியையே சென்னை விமான நிலையச் சுங்கத்தில் எடுத்துவைத்து, அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. தீர்ப்பு அவர் பக்கம்தான். ஆனால் மூன்று வார விடுமுறையில் யாரால் வழக்காட முடியும்? நூறு ஆண்டு கடந்த பொருளை இந்தியாவில் இருந்து வெளியே கொண்டுவர 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். பாட்டியின் பாட்டி நகை என்று பெருமையாகச் சொல்லி ஒரு பழைய அட்டிகையை விற்றால், அந்தப் பெருமையே சிக்கலாகலாம்.

காப்புறுதியும் ஒன்று இருக்கிறது. நகையை வீட்டுக் காப்புறுதியில் சேர்த்திருந்தால் மதிப்பீட்டைப் புதுப்பியுங்கள். கஸ்தூரியார் வீதியில் சுரை இறுக்கியதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு பத்தர் ஐயா தோட்டைத் திருப்பித் தந்த அன்று இரவு, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வருடமாகப் பர்மாக் கெம்புக்குத் தவணை கட்டியிருக்கிறோம்.