மேசைக் கணினியின் பிளக்குக்கு எத்தனை ஆம்பியர் பியூஸ்?

வளைகுடா நாடுகளிலிருந்து குமரி மாவட்டத்துக்கு வந்துசேரும் மேசைக் கணினிகளின் மின்வயரில், பெரும்பாலும் மூன்று செவ்வகக் கால்கள் கொண்ட பிரிட்டிஷ் முறைப் பிளக்கே இருக்கும். நம் ஊர் உருண்டைக் கால் பிளக்கில் இல்லாத ஒன்று, அதாவது ஓர் அங்குல நீளமுள்ள பீங்கான் உருளை பியூஸ், அதற்குள் இருக்கிறது. அது போய்விட்டால் கைக்குக் கிடைத்த 13 ஆம்பியர் பியூஸைப் போட்டுவிடுவதே வழக்கமாகிவிட்டது. கணினி ஓடத்தான் செய்யும். ஆனால் பியூஸ் எதைக் காக்க வேண்டுமோ அதைச் சரியாகக் காக்காது.

பிளக்கிலுள்ள பியூஸ் கணினிக்கானதன்று, வயருக்கானது. பிரிட்டனில் வீட்டுச் சாக்கெட்டுகள் பலவும் 32 ஆம்பியர் பிரேக்கரின் (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சின்) கீழ் ஒரே வளையமாக இணைக்கப்படுகின்றன. அவ்வளவு மின்சாரம் பாயக்கூடிய இடத்தில் மெல்லிய வயர் ஒன்றைச் செருகினால், பிரேக்கர் விழுவதற்கு முன் வயர் வெந்துவிடலாம் என்பதால்தான், ஒவ்வொரு பிளக்கிலும் தனியாக ஒரு பியூஸ் வைக்கும் முறை அங்கே வந்தது. ஆகவே பியூஸைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கணினியின் விலையையோ வேகத்தையோ அன்று, வயரின் மேலுறையில் அச்சிடப்பட்டுள்ள எண்ணைத்தான். அங்கே 3 × 0.75 என்றிருந்தால் உள்ளே 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பி மூன்று இருக்கின்றன என்று பொருள். மேசைக் கணினிகளோடு வரும் வயர்களில் மிகப் பரவலானது இதுவே. இதற்கு 5 ஆம்பியர் பொருத்தமானது. 1 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியரும், 1.25 சதுர மி.மீ. வயருக்கு 13 ஆம்பியரும் போடலாம்.

அடுத்து, கணினி இழுக்கும் மின்சாரத்தை அந்தப் பியூஸ் தாங்குமா என்று கணக்கிட வேண்டும். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருப்பது அது வெளியே கொடுக்கக்கூடிய அளவு. திறன் 80 விழுக்காடு என்று கொண்டால் உள்ளே ஏறத்தாழ 560 வாட் இழுக்கும். 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 2.5 ஆம்பியர். மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும், மின்காரணியைத் (பவர் பேக்டரைத்) திருத்தும் பகுதி இல்லாத பழைய அல்லது மலிவான பெட்டியானால் அதே வேலைக்கு 3.8 ஆம்பியர் வரை போகலாம். இதோடு நம் பக்கத்தில் மாலை நேரத்து லோ வோல்டேஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். வோல்ட் குறையக் குறைய அதற்கேற்ப ஆம்பியரைக் கூட்டி இழுக்கும் தன்மையுடையது. மேலும், சுவிட்சைப் போட்ட கணத்தில் உள்ளிருக்கும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்புவதற்காகச் சில மில்லி விநாடிகளுக்குப் பன்மடங்கு மின்சாரம் பாயும். எனவே முழுக் கணினிக்கு 3 ஆம்பியர் பியூஸ் விளிம்பில் நிற்கும். இன்று தாங்கினாலும் நாளடைவில் காரணமின்றிப் போவதுபோல் தோன்றும். மானிட்டருக்கு மட்டும் தனி வயர் இருந்தால் அதற்கு 3 ஆம்பியர் தாராளம். கிராபிக்ஸ் கார்டு பொருத்திய ஆயிரம் வாட் கணினிக்கு 5 போதாது. அதற்குத் தடித்த வயரும் 10 அல்லது 13 ஆம்பியரும் வேண்டும்.

பியூஸில் எழுதிய எண்ணைத் தாண்டியதும் அது உடனே அறுந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 13 ஆம்பியர் பியூஸ் 20 ஆம்பியரைக்கூட நெடுநேரம் தாங்கி நிற்கும் என்பதை அறிந்தால், ‘பெரியதாகவே போட்டுவிடுவோம்’ என்ற எண்ணம் தானாகக் குறையும்.

பியூஸ் வாங்கும்போது அதன் உடலில் பி.எஸ். 1362 என்ற பிரிட்டிஷ் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 3 ஆம்பியருக்குச் சிவப்பு, 5 ஆம்பியருக்குக் கறுப்பு, 13 ஆம்பியருக்குப் பழுப்பு என நிறங்கள் பொதுவாக இருந்தாலும், எண்ணையே நம்புங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் 5 ஆம்பியர் கிடைக்காவிட்டால் விடுமுறைக்கு வருபவரிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது, செம்பு இழையைச் சுற்றி வைப்பதைவிட எவ்வளவோ மேல். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிய பிறகே, கால்களுக்கிடையிலுள்ள சிறு மூடியை டெஸ்டர் நுனியால் நெம்பித் திறக்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் பியூஸைப் பிடிக்கும் பித்தளைக் கவ்விகளில் உப்புக்காற்றால் பச்சை படிந்திருக்கும். அப்படியானால் அந்தக் கவ்வி சூடேறும் என்பதால், புதுப் பியூஸ் போட்டும் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும்.

உண்மையில் என் பரிந்துரை வேறு. கணினியின் பின்புறம் செருகும் முனை எங்கும் ஒரே வகைதான். எனவே எர்த்து இணைப்பைத் தரமாகத் தராத அடாப்டர்களை நம்புவதைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நம் ஊர் வயரை வாங்கிக்கொள்வதே எளிது. அப்போது பிளக்கில் பியூஸ் இராது. அந்தக் காவல் வேலையை வீட்டின் எம்.சி.பி. (பிரேக்கர்) செய்யும். பியூஸ் கட்டையே இன்னும் உள்ள பழைய வீடுகளில் அதில் உரிய அளவுக் கம்பிதான் கட்டப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். மின் அதிர்ச்சியிலிருந்து ஆளைக் காப்பது பியூஸோ எம்.சி.பி.யோ அல்ல, அதற்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் கருவி (ஆர்.சி.சி.பி.) தனியே வேண்டும்.

புதுப் பியூஸும் போட்டவுடன் போய்விட்டால் மூன்றாவதைப் போட வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 115-இல் நிற்கிறதா என்று பாருங்கள். 127 வோல்ட் புழங்கிய சவூதி வீடுகளிலிருந்து வந்த பழைய கணினிகளில் இதற்கு வாய்ப்புண்டு. அதுவும் சரியாக இருந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. பெட்டிக்குள் பற்றவைக்கப்பட்டிருக்கும் பியூஸை நீங்களே மாற்ற முயல வேண்டாம்: பிளக்கைக் கழற்றிய பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பெட்டியை முழுதாக மாற்றிவிடுங்கள்.