விவாகரத்து சமரசப் பேச்சு: கையெழுத்துக்கு முன் நடக்கும் தவறுகள்

சமரசப் பேச்சு முறிந்தாலும் பெரிய நஷ்டமில்லை, நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது. பேச்சு சுமுகமாக முடிந்து, அரைகுறையாக எழுதிய ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு எழுந்து போவதுதான் ஆபத்து. சில மாதங்களில் அதே சண்டை வக்கீல் நோட்டீஸாகத் திரும்பி வரும்.

மத்தியஸ்தரை நீதிபதியாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்பு சொல்லமாட்டார், அந்த அதிகாரமும் அவருக்கு இல்லை. பழங்கதை பேசியே இரண்டு அமர்வுகள் ஓடினால் கட்டணம்தான் ஏறும். அவர் உங்கள் வக்கீலும் அல்ல. வரைவை உங்களுக்கென்று ஒரு வக்கீல் தனியாகப் படித்துப் பார்க்கட்டும். இருவருக்கும் ஒரே வக்கீல் என்பது சிக்கனம்போலத் தோன்றும். நலன்கள் மோதும் இடத்தில் அவரால் யாருக்குமே வாய்திறக்க முடியாது.

அடுத்தது, காகிதம் இல்லாமல் போய் உட்காருவது. வருமான வரிக் கணக்கு, குறைந்தது 12 மாத வங்கி அறிக்கை, ஒவ்வொரு கடனிலும் இன்றைய பாக்கி, காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு ஆகியவை முதல் அமர்விலேயே மேசைக்கு வரவேண்டும். கையில் புழங்காத பணம் என்பதால் ஓய்வூதியத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுக் கணக்கில் ஏமாறுவது சுலபம். வீட்டின் மதிப்பு 100, கடன் பாக்கி 60, சேமிப்பு 50 என்று வையுங்கள். "வீடு உனக்கு, சேமிப்பு எனக்கு" என்றால் 100-க்கு 50 என்று காதில் விழும். உண்மையில் அது 40-க்கு 50. வீட்டை விற்கும் செலவும் வரியும் போனால் 40-ம் தேறாது. இன்னொன்று: "கடனை அவர் கட்டுவார்" என்ற வரி வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கட்டாத தவணைக்கு வங்கி உங்கள் வாசலுக்குத்தான் வரும். எத்தனை நாளுக்குள் கடனைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்வார், மாற்றாவிட்டால் வீட்டை எந்தத் தேதிக்குள் விற்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் "வார இறுதி அப்பாவிடம்" என்று எழுதுவது சண்டைக்கு விதை. வார இறுதி வெள்ளி மாலையா, சனி காலையா? "வெள்ளி மாலை 6 மணிக்கு அப்பா வந்து அழைத்துப்போவார், ஞாயிறு மாலை 6 மணிக்கு அம்மா போய் அழைத்துவருவார்" என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை. பள்ளி விடுமுறை, பாஸ்போர்ட் யார் கையில், வெளிநாட்டுப் பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு எழுத்தில் சம்மதம் வாங்குவது என்பதெல்லாம் இதே பத்தியில் வரவேண்டும்.

ஒருவர் மற்றவருக்குப் பயந்து தலையாட்டும் நிலை இருந்தால், ஒரே அறையில் உட்காரவே கூடாது. தனித்தனி அறையில் இருத்தி, மத்தியஸ்தர் மாறிமாறிப் பேசும்படி கேட்கலாம். அடி, மிரட்டல் இருந்த வீட்டில் பாதுகாப்பு உத்தரவுதான் முதலில். சமரசமே வேண்டாம் என்று சொல்லவும் தயங்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் போட்டாலே விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தந்த நாட்டுச் சட்டப்படி நீதிமன்றமோ உரிய அலுவலகமோ ஆணை தரும்வரை திருமணம் சட்டப்படி நீடிக்கிறது. இருவரும் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: 2019-இல் சிங்கப்பூரில் கையெழுத்தான ஐ.நா. சமரச உடன்படிக்கை வணிகத் தகராறுகளுக்கானது, குடும்பச் சட்ட விவகாரங்களை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. அதைக் காட்டி ஒரு நாட்டு ஒப்பந்தத்தை இன்னொரு நாட்டில் அமல்படுத்த முடியாது.

நீண்ட அமர்வின் கடைசி மணி நேரத்தில், களைப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். வரைவை வீட்டுக்கு எடுத்துப்போக நாலு நாள் கேளுங்கள். ஆணை வந்த கையோடு காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் நாமினி பெயரைப் பாருங்கள். பல இடங்களில் அது தானாக மாறாது.