வீட்டிலேயே கண் பிரஷர் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால், அதாவது கண் பிரஷரால், பார்வை நரம்பு கெடும் நோய். அது உள்ளவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காலை பத்து, பதினொரு மணி வாக்கில் பிரஷர் பார்த்துவிட்டு "16 இருக்கு, பரவாயில்லை" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் கண் பிரஷர் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. நல்ல கண்ணிலேயே ஒரு நாளைக்குள் 2 முதல் 6 மில்லிமீட்டர் பாதரசம் (கண் பிரஷரைச் சொல்லும் அலகு) வரை ஏறி இறங்கும். கிளாக்கோமா கண்ணில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். பலருக்கு அது உச்சத்துக்குப் போவது இரவிலோ விடியற்காலையிலோதான். பார்வை நரம்பு ஒருமுறை கெட்டுவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. பிரஷரைக் கட்டுக்குள் வைத்து மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். எனவே ஆஸ்பத்திரிக்குப் போகாத நேரத்தில் கண்ணில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி.க்கும் கண் பிரஷருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பி.பி. நார்மலாக இருப்பவருக்கும் கண் பிரஷர் 30 இருக்கலாம். மூடிய இமையை விரலால் அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வதும் அளவு ஆகாது. கண் ஆபரேஷன் ஆனவர்கள் அப்படி அழுத்தவே கூடாது.

என்ன கருவி?

வீட்டில் நாமே பார்ப்பதற்கென்று பரவலாகப் பயன்படுவது பின்லாந்து நிறுவனமான ஐகேரின் 'ஹோம்', 'ஹோம் 2' டோனோமீட்டர்கள் (கண் பிரஷர் அளக்கும் கருவிகள்). ஊசி போல மெல்லிய கம்பி, நுனியில் சின்ன பிளாஸ்டிக் உருண்டை. இதுதான் புரோப். இது கருவிழியை ஒரு கணம் தொட்டுவிட்டுத் திரும்பும். நன்றாகக் காற்றடித்த பந்தில் பட்ட பொருள் சட்டென்று எகிறுவதுபோல, பிரஷர் அதிகமுள்ள கண்ணில் புரோப் வேகமாகத் திரும்பிவிடும். அந்த வேக மாற்றத்தை வைத்துக் கருவி கணக்குப் போடுகிறது. தொடுவது மிக லேசாக இருப்பதால் கண்ணை மரக்கவைக்கும் சொட்டு தேவையில்லை.

விலை அதிகம். அமெரிக்காவிலேயே 2000 டாலரைத் தாண்டும். அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் கண் டாக்டரிடம் பேசுங்கள். சில நாட்களுக்கு இரவல் தரவோ வாடகைக்கு ஏற்பாடு செய்யவோ முடியுமா என்றும் கேளுங்கள். கண்ணில் புண், தொற்று, சமீபத்திய ஆபரேஷன் அல்லது கருவிழித் தழும்பு இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை இதைத் தொட வேண்டாம்.

அளப்பதற்கு முன்

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கழுத்தை இறுக்கும் பட்டனைத் தளர்த்துங்கள். சில நிமிடம் சும்மா உட்காருங்கள். ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு உடனே அளந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். யோகா செய்பவர்கள் கவனிக்கவும்: சிரசாசனத்தில் கண் பிரஷர் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று சென்னைக் கண் மருத்துவர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கிளாக்கோமா இருந்தால் அந்த ஆசனமே வேண்டாம்.

அளக்கும் முறை

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கருவியை ஆன் செய்து, புது புரோப்பைப் போடுங்கள். நுனியில் விரல் படக்கூடாது. பட்டுவிட்டால் அதை எறிந்துவிட்டு வேறு எடுங்கள்.

அடுத்ததுதான் பொறுமை வேண்டிய இடம். கருவியில் நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என இரண்டு தாங்கிகள் இருக்கும். புரோப்பின் நுனி கருவிழியிலிருந்து 4 முதல் 8 மில்லிமீட்டருக்குள் நிற்கும்படி இவற்றைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். தாங்கிகளின் பக்கத்தில் எண்கள் போட்டிருக்கும். முதல்முறை பயிற்சி தருபவர் சரிசெய்து கொடுத்ததும் அந்த எண்களை ஒரு சீட்டில் குறித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றுங்கள். அந்தரத்தில் கையைப் பிடித்தால் நடுக்கம் வரும். தாங்கிகளை நெற்றியிலும் கன்னத்திலும் பதித்து, புரோப் இருக்கும் துளைக்குள் நேராகப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் தெரியும். சிவப்பாக இருந்தால் கருவி சாய்ந்திருக்கிறது என்று பொருள். மயிரிழை அளவு மேலே, கீழே அசைத்துப் பாருங்கள். பச்சை வந்ததும் அப்படியே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் இந்தப் பச்சையைப் பிடிப்பதற்குள் கை வலித்துவிடும். பழகப் பழகக் கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும்.

இனி கண்ணை நன்றாகத் திறந்து, மூச்சை அடக்காமல், அளக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். 'பீப், பீப்' என்று ஆறு முறை அளக்கும். ஆறில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் ஒதுக்கிவிட்டு மீதி நான்கின் சராசரியைக் கருவி எடுத்துக்கொள்ளும். இமையை இறுக்கினாலோ புரோப் இமைமுடியில் பட்டாலோ அளவு பிழையாகிவிடும். இமை தொங்குகிறது என்றால் விரலால் புருவ எலும்போடு சேர்த்துத் தூக்குங்கள், கண்ணின் மேல் அழுத்தம் விழக்கூடாது. அப்புறம் அடுத்த கண். முடிந்ததும் புரோப்பைக் குப்பையில் போடுங்கள். ஒருவர் போட்ட புரோப்பை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

எப்போது அளப்பது, எப்படிக் குறிப்பது

எழுந்தவுடன், மதியம், மாலை, படுக்கப்போகும் முன். இப்படி சில நாள் தொடர்ந்து பார்த்தால் போதும், ஒரு போக்கு தெரிந்துவிடும். சொட்டு மருந்து நேரமும் அளக்கும் நேரமும் சேர்ந்து வந்தால் முதலில் அளந்துவிட்டுப் பிறகு சொட்டு போடுங்கள். கருவியோடு வரும் செயலி அளவுகளைச் சேமிக்கும் என்றாலும் நோட்டில் எழுதுவதையே நான் பரிந்துரைக்கிறேன்: "காலை 6.10, வலது 22, இடது 17, சொட்டு நேற்று இரவு 9.30, தூக்கம் சரியில்லை." கடைசி இரண்டு விவரமும் எந்தச் செயலியிலும் தானாக ஏறாது.

பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை நார்மல் என்பார்கள். ஆனால் கருவிழி மெல்லியதாக இருந்தாலோ லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்திருந்தாலோ கருவி குறைத்துக் காட்டும். நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்கு 18 கூட அதிகமாக இருக்கலாம். டாக்டர் உங்களுக்கென்று சொன்ன இலக்கு எதுவோ அதை வைத்துப் பாருங்கள். ஒருநாள் 24 வந்ததென்று சொட்டைக் கூட்டுவதோ, 13 வந்ததென்று நிறுத்துவதோ கூடவே கூடாது. அதிகமாக வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள்.

கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ, பார்வை மங்கி விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ அளந்துகொண்டிருக்காமல் உடனே கண் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கருவியையும் நோட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் அளக்கும் கோல்ட்மேன் கருவியில் டாக்டர் பார்ப்பதற்குச் சற்று முன்னால், கண்ணை மரக்கவைக்கும் சொட்டு விடும் முன்பே, நீங்கள் உங்கள் கருவியில் அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.