நடக்க நடக்க நிறை கூடினால் என்ன செய்வது

கல்லடியில் தையல் வேலை செய்கிறேன். வயது 43. நாள் முழுக்க மெசினில் குந்தியிருக்கிற உடம்பு. போன வருடக் கடைசியில் கிளினிக்கில் சீனி எல்லையில் நிற்கிறது, நிறையைக் குறையுங்கள் என்றார்கள். தை பிறந்து மழை விட்டதும் தொடங்கினேன். காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, 1924இல் திறந்த அந்தப் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகரப் பக்கம் தொட்டுத் திரும்பினால் முக்கால் மணித்தியாலம். வந்து கதிரையில் இருந்து எழும்புகிற பயிற்சி, 15 தரம் வீதம் மூன்று சுற்று.

முதல் நாள் 78.4 கிலோ. ஆறாம் நாள் 79.9.

பக்கத்து வளவு மச்சாள் வேலிக்கு மேலால் கேட்டாள்: "என்னகா மச்சாள், நடக்க நடக்கக் கூடுதாம்?" அன்றைக்குப் பகல் ஒரு பிளவுஸின் கையை மாறித் தைத்துவிட்டேன், அவ்வளவு ஆத்திரம். இதே இடத்தில் நிற்கிறவர்கள் விட்டுவிடாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. ஆறு நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், வழமையாகச் சாப்பிடுவதற்கு மேலதிகமாக 11,500 கலோரி தின்றிருக்க வேண்டும். ஒரு கோப்பை சோறு 200 கலோரி என்று வைத்தால் 57 கோப்பை. நான் தின்னவில்லை. நீங்களும் தின்றிருக்கமாட்டீர்கள். அப்படியானால் தராசில் ஏறியது வேறு ஏதோ.

ஏறியது பெரும்பாலும் தண்ணீர். பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுத்தால் அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கிழிசல்கள் விழுகின்றன. உடம்பு அவற்றைத் தைக்கும்போது அந்த இடத்துக்கு நீரை இழுக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள் தொடை நோகிறதே, கக்கூசில் குந்தி எழும்ப ஏலாமல் சுவரைப் பிடிக்கிறோமே, அதே நாட்களில்தான் தராசும் ஏறும். இன்னொன்று கிளைக்கோஜன். சோறு, பிட்டில் வருகிற மாச்சத்தைத் தசையும் ஈரலும் இந்த வடிவில் சேர்த்து வைக்கின்றன. உடற்பயிற்சி தொடங்கினால் தசை நாளடைவில் கூடுதலாகச் சேர்க்கப் பழகும். ஒரு கிராம் சேர்ந்தால் அதோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு வரும். 200 கிராம் கூடினால் மொத்தம் 800 கிராம். அது கொழுப்பில்லை, நாளை நடக்கப் போகிற ஆளின் எரிபொருள்.

அப்புறம் உப்பு. இது எங்கள் ஊர் வியாதி என்றே சொல்வேன். என் கொப்பியில் ஐந்தாம் நாள் எதிரே "கருவாட்டுக் குழம்பு, அச்சாறு" என்று எழுதியிருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு விழுந்த இராச்சாப்பாட்டில் அதில் பாதி போய்விடும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் பின்னால் போகும், இரண்டு மூன்று நாளில் வந்த வழியே இறங்கும். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் தராசில் ஏறாதீர்கள், அல்லது ஏறிவிட்டு அழாதீர்கள்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய நாட்களும் இப்படித்தான். எனக்கு ஒரு கிலோ வரை கூடும். ஆகவே இந்தமுறை மாதவிலக்கு வந்த முதல் வாரத்தைப் போனமுறை வந்த முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள், முந்திய வாரத்தோடு வேண்டாம். மலச்சிக்கலும் நிறைதான், அதை விளக்கத் தேவையில்லை.

சரி, எப்படி நிறுப்பது?

காலையில் எழும்பி, மலசலம் கழித்த பிறகு, தேத்தண்ணி குடிக்க முதல், ஒரே மாதிரி மெல்லிய உடுப்போடு. நடந்து வந்த உடனே நிறுக்கவே வேண்டாம். வெயில் ஏறிய ஒரு நாள் அப்படி நிறுத்து 700 கிராம் குறைந்திருக்கிறது என்று துள்ளினேன். அது வேர்வை. இரண்டு கோப்பை தேசிக்காய்த் தண்ணியோடும் ஒரு பிளேன்ரீயோடும் திரும்பி வந்துவிட்டது. "தண்ணி குடிக்காத புள்ள, நிறை கூடும்" என்று அம்மா சொல்வார். கேட்காதீர்கள். எங்கள் வெக்கையில் தண்ணீரைக் குறைத்தால் தலைச்சுற்றுத்தான் மிச்சம்.

தராசை ஒரே இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டு நிலம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கதவடியில் நின்றால் ஒரு நிறை, மெசினடியில் நின்றால் 600 கிராம் வித்தியாசம். துணியில் அடையாளம் போடுகிற சோக்கால் தராசின் நான்கு மூலைகளையும் சுற்றி நிலத்தில் கோடு கீறி வைத்திருக்கிறேன், கூட்டிப் பெருக்கினால் திரும்பக் கீறுவேன். பாய்க்கு மேல் வைத்தால் பிழையாகக் காட்டும்.

நாள்தோறும் எழுதுங்கள், ஆனால் நாளைப் பார்க்காதீர்கள். என் மூன்றாம் வாரம் இது: 79.6, 80.1, 79.4, 79.8, 79.2, 78.9, 79.7. கூட்டி ஏழால் பிரித்தால் 79.5. அந்த 79.5 தான் அந்த வாரத்து நிறை, 80.1 உம் 78.9 உம் சும்மா சத்தம். நாலாம் வாரம் 79.0, ஐந்தாம் வாரம் 78.3. தொடங்கிய இடத்துக்குக் கீழே போக எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. முதல் மாதத்துத் தராசை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள், சாப்பாட்டை வெட்டிப் பட்டினி கிடப்பதை முக்கியமாக. தயிரை நான் விடவில்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு எருமைத் தயிரை விடச் சொன்னால் நடையையும் விட்டுவிடுவேன். பாணி ஊற்றுவதை மட்டும் நிறுத்தினேன்.

தராசை விட எனக்கு நம்பிக்கை அளவு நாடாவில். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் பிடியுங்கள். நாடா முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் கிடக்க வேண்டும், தோலில் அழுந்தக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக விட்டு முடிகிற இடத்தில் வாசியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. இருபது வருடமாக அளவெடுக்கிறேன், நாடாவைக் கண்டதும் எக்காத மனிதரைக் கண்டது குறைவு. அப்படி எடுத்துத் தைத்த சட்டை சாப்பிட்ட பிறகு கொழுக்கி விடும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் அளந்தால் போதும். இன்னொன்று: பழைய துணி நாடா இழுபட்டு நீளும், குறைந்துவிட்டதாகப் பொய் சொல்லும். ஓர் இரும்பு அடிமட்டத்தோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களுக்கு இடுப்பு, பெண்களென்றால் 80 சென்ரிமீற்றருக்குள், ஆண்களென்றால் 90க்குள் இருப்பது நல்லது என்பார்கள். எனக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

விளையாட்டில்லாத விசயம் ஒன்று. இரண்டு மூன்று நாளில் நிறை சடாரென ஏறி, கணுக்காலில் விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து நின்றால், அல்லது படுத்தால் மூச்சு முட்டினால், அது பயிற்சித் தண்ணீர் இல்லை. யாரானாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும், இருதயம், சிறுநீரகம் சம்பந்தமான வருத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. சீனிக்கு ஊசி போடுகிறவர்கள் நடை தொடங்க முதலே கேட்டுக்கொள்ளுங்கள், சீனி இறங்கிவிடலாம்.

பங்குனிக் கடைசியில் என் பிளவுஸ்களின் இரண்டு பக்கத் தையலையும் உள்ளே பிடித்தேன், பக்கத்துக்கு அரை அங்குலம். அன்று காலை தராசில் 77.9. முதல் நாளிலிருந்து அரைக் கிலோதான் குறைவு.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்த மச்சாளும் சித்திரையில் என்னோடு நடக்க வந்தாள். ஐந்தாம் நாள் இரவு போன் எடுத்தாள்.

"மச்சாள், ஒண்டரைக் கிலோ கூடியிருக்கு."

"நேற்று என்ன கறி?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கருவாடு" என்றாள்.