டபிள்யூடிஜி-4 நடுவழியில் நின்றால்: பட்டனை அமுக்கும் முன்

கூட்ஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போகும் டபிள்யூடிஜி-4 டீசல் லோகோவில் எஞ்சின் தானாக நின்றால், முதலில் கண்ணில் படுவது கவர்னரில் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் லோ ஆயில் பட்டன். பார்த்ததும் "ஆயில் போச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 16 சிலிண்டர் கொண்ட இந்த 710 மாடல் எஞ்சினில் தண்ணீர் குறைந்தாலும் சரி, கிராங்க்கேஸில் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டி) அழுத்தம் ஏறினாலும் சரி, பாதுகாப்புக் கருவி (பராமரிப்பு ஷெட்டில் ஈபிடி என்பார்கள்) செய்வது ஒன்றுதான்: கவர்னருக்குப் போகும் ஆயில் லைனைத் திறந்து வடித்துவிடும். அழுத்தம் இழந்த கவர்னர் எஞ்சினை நிறுத்தும், அதன் பட்டனும் வெளியே வரும். ஏன் நின்றது என்பதை அந்தப் பட்டன் சொல்லாது.

அதனால் எதையும் ரீசெட் செய்யாமல் ஈபிடியைப் பாருங்கள். அதில் இரண்டு பட்டன் உண்டு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று கிராங்க்கேஸுக்கு. எது வெளியே வந்திருக்கிறது என்று லாக் புக்கில் எழுதுங்கள். கேப் திரையில் பதிவான ஃபால்ட் செய்தியையும் நேரத்தோடு குறியுங்கள். அமுக்கிவிட்ட பட்டன் ஷெட்டுக்கு எதையும் சொல்லாது.

தண்ணீர் பட்டன் மட்டும் வந்திருந்தால் டேங்கின் சைட் கிளாஸில் மட்டம் பாருங்கள். மட்டம் சரியாக இருந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆன கையோடு பட்டன் வந்திருந்தால் கவலை வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது அது வெளியே தள்ளுவது சகஜம்தான். எஞ்சின் பிடித்ததும் உள்ளே அமுக்கவில்லை என்றால் சிறிது நேரத்தில் மறுபடி நின்றுவிடும். மட்டம் உண்மையிலேயே இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஹெட்டும் லைனரும் (சிலிண்டரின் உட்குழாய்) விரிசல் விடும். மூடியைத் திறக்கும் முன் ரிலீஸ் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.

கிராங்க்கேஸ் பட்டன் வந்திருந்தால் அந்த லோகோவை அன்றைக்கு மறந்துவிடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. குறைந்தது 2 மணி நேரம் ஆறும்வரை ஹேண்ட்ஹோல் கவரையோ மேல் டெக் கவரையோ திறக்கவும் கூடாது. உள்ளே ஏதாவது பேரிங் பழுக்கக் காய்ந்திருந்தால் அங்கே ஆயில் ஆவி நிறைந்திருக்கும். கவரைத் திறந்ததும் புகும் காற்றில் அது வெடிக்கும். அவசரம் ஆள் உயிரை வாங்கும் இடம் இது.

ஆறிய பிறகு ஷெட்டில், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் அறையான ஏர்பாக்ஸ் பக்கமிருந்து தொடங்குவது நல்லது. டர்னிங் கியரால் எஞ்சினை மெல்லச் சுற்றிக்கொண்டே லைனரில் உள்ள துளைகள் (போர்ட்) வழியாக ஒவ்வொரு பிஸ்டனையும் ரிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒடிந்த ரிங், கோடு விழுந்த லைனர், உருகித் தேய்த்தது போன்ற பிஸ்டன் பக்கவாட்டு எல்லாம் அங்கேயே தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் கிராங்க்கேஸ் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செப்பரேட்டரின் வலையையும், அந்த ஆவியை வெளியே இழுக்கும் எடக்டர் குழாயையும் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்தால் கிராங்க்கேஸில் இருக்கவேண்டிய வெற்றிடம் போய்விடும். சரியாக மூடாத கவர், கிழிந்த கேஸ்கட் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

ஈபிடியில் எந்தப் பட்டனும் வரவில்லை, கவர்னர் பட்டன் மட்டும் வந்திருக்கிறது என்றால்தான் ஆயில் பக்கம் சந்தேகப்பட வேண்டும்: அழுத்தம் குறைவு அல்லது ஆயில் சூடு. டிப் ஸ்டிக் அளவு எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போதுதான் செல்லும். நின்ற எஞ்சினில் ஆயில் எல்லாம் கீழே இறங்கி, ஃபுல் கோட்டுக்கு மேலே காட்டும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

எந்தப் பட்டனும் வெளியே வராமல் எஞ்சின் இருமி இருமி நின்றால் டீசல் பிரச்சினை. ஃபில்டர் அருகே இரண்டு சைட் கிளாஸ் இருக்கும். எஞ்சினுக்குக் கிட்டே உள்ள ரிட்டர்ன் கிளாஸ் குமிழி இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும். குமிழி ஓடினால் பம்புக்கு முந்தைய சக்ஷன் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. தள்ளியுள்ள பைபாஸ் கிளாஸ் காலியாக இருக்க வேண்டும். அதில் டீசல் தெரிந்தால் ஃபில்டர் அடைத்துவிட்டது, அழுத்தம் 60 பிஎஸ்ஐ தாண்டி வால்வு திறந்திருக்கிறது. மாற்றவேண்டியது ஃபில்டர், பம்ப் அல்ல.

48 மணி நேரத்துக்கு மேல் நின்ற எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ப்ரீலூப் செய்து (பேரிங்குகளுக்கு ஆயிலை முன்கூட்டியே பம்ப் செய்து), ஸ்டார்ட்டிங் ஃப்யூஸைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள 16 டெஸ்ட் வால்வுகளையும் திறந்து ஒரு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். இது டூ ஸ்ட்ரோக், ஒரு சுற்றே போதும். ஏதாவது வால்வில் தண்ணீர் கொட்டினால் அந்தச் சிலிண்டரில் ஹெட்டோ லைனரோ சீலோ போயிருக்கிறது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

எஞ்சினை நிறுத்திய உடனே பேட்டரியைத் துண்டிக்கும் நைஃப் சுவிட்சைத் திறப்பது இன்னொரு கெட்ட பழக்கம். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கான தனி ஆயில் பம்ப் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடி பேரிங்கின் சூட்டை இழுக்க வேண்டும். அதை நிறுத்தினால் பேரிங்கில் ஆயில் கரியாகும். டர்போ அன்றைக்கே போகாது என்பதால் பழி வேறு யார் மேலாவது விழும்.

ஆயில் டாப்-அப்பில் கவனம் தேவை. பிஸ்டன் பின்னைத் தாங்கும் பேரிங்கில் வெள்ளிப் பூச்சு இருக்கிறது. துத்தநாகச் சேர்க்கை உள்ள லாரி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் வெள்ளி அரித்துப்போகும். ஆயிலில் கலந்த உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் வெள்ளியின் அளவு மாதத்துக்கு மாதம் ஏறினால் எஞ்சினைத் திறக்கவேண்டும், ஆயிலை மாற்றி மூடி மறைக்கக் கூடாது.